வெந்துஸ் (இலத்தீன் சொல்)

வெந்துஸ் என்பது ‘காற்று’ எனப் பொருள்படும் இலத்தீன் மொழிப் பெயர்ச்சொல். ஆண்பாலைச் சேர்ந்தது. இலத்தீன் அகராதிகளில் இது ‘வெந்துஸ், வெந்தீ, ஆண்பால்’ என்று பதிவாகியிருக்கும். முதலில் உள்ளது எழுவாய் வடிவம், அடுத்தது ஆறாம் வேற்றுமை வடிவம். இந்த இரண்டும் பாலும் தெரிந்தால் சொல்லின் மற்ற வடிவங்கள் அனைத்தையும் வருவித்துக்கொள்ளலாம். பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், போர்த்துக்கீசியம், உருமேனியம் ஆகிய மொழிகளில் இன்றும் காற்றுக்கு வழங்கும் சொற்கள் இதிலிருந்தே வந்தவை. இலத்தீன் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டு, எழுத்தில் எங்குமே பதிவாகாத ஒரு மொழியின் ஒலிகளை மீட்டெடுக்க உதவிய சொற்களில் இதுவும் ஒன்று என்பதால் மொழியியல் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு.

ஒலிப்பு

தமிழில் ‘வெந்துஸ்’ என்று எழுதினாலும் இதிலுள்ள ‘து’வை ‘பந்து’ என்பதில் வருவது போல மெலிந்து ஒலிக்கக் கூடாது. ‘பத்து’ என்பதில் வருவது போல வல்லோசையாகவே ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்துமுறையில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழி இல்லை.

முதல் எழுத்தில் தமிழருக்குச் சிக்கல் இல்லை. செவ்வியல் கால உரோமர் இவ்வெழுத்தைக் கீழுதட்டைப் பல்லால் கடித்து ஒலிக்கவில்லை. உதடுகளைக் குவித்து, ‘உ’வுக்கு நெருக்கமாகவே ஒலித்தனர். உகர உயிருக்கும் வகர மெய்க்கும் அவர்கள் ஒரே எழுத்தைப் பயன்படுத்தியது இதற்கு ஒரு சான்று. வலேரியுஸ் என்ற உரோமப் பெயரைக் கிரேக்கர் ‘ஊஅலேரியோஸ்’ என்ற முறையில் எழுதியது மற்றொரு சான்று. கடித்து ஒலிக்கும் வழக்கம் பின்னாளில் ஏற்பட்ட மாற்றம்.

இலக்கணம்

வேற்றுமை வடிவங்கள் மாறும் முறையைக் கொண்டு இலத்தீன் பெயர்ச்சொற்களை ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பர். வெந்துஸ் இரண்டாம் வகுப்பில் அடங்கும். தமிழில் பகுதியும் உருபும் தனித்தனியே தெரியும்: காற்று, காற்றை, காற்றால், காற்றுக்கு. பன்மையானால் ‘கள்’ சேர்ந்து அதன்மேல் அதே உருபுகள் வரும். இலத்தீனில் அப்படி இல்லை. ஒரே ஈறு வேற்றுமை, எண் ஆகிய இரண்டையும் சேர்த்தே உணர்த்தும். எந்தப் பாகம் வேற்றுமைக்குரியது, எந்தப் பாகம் பன்மைக்குரியது என்று வெட்டிக் காட்ட முடியாது.

ஒருமையில் எழுவாய் வெந்துஸ், செயப்படுபொருள் வெந்தும், ஆறாம் வேற்றுமை வெந்தீ, நான்காம் வேற்றுமை வெந்தோ, நீங்கல் வேற்றுமையும் வெந்தோ, விளி வெந்தெ. பன்மையில் எழுவாயும் விளியும் வெந்தீ, செயப்படுபொருள் வெந்தோஸ், ஆறாம் வேற்றுமை வெந்தோரும், நான்காம், நீங்கல் வேற்றுமைகள் இரண்டும் வெந்தீஸ். (வெந்தும், வெந்தோரும் ஆகியவற்றைத் தமிழ்ச் சொற்களாகப் படித்துவிடக் கூடாது.) ‘வெந்தீ’ என்று கண்டால் அது ‘காற்றினுடைய’ என்பதா, ‘காற்றுகள்’ என்பதா என்று வினையையும் சூழலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பழைய இலத்தீனில் எழுவாய் ஈறு ‘-ஒஸ்’ ஆக இருந்தது. அது பின்னர் ‘-உஸ்’ எனத் திரிந்தது.

நீங்கல் வேற்றுமை தனியே கவனிக்கத்தக்கது. தமிழில் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் செய்யும் வேலைகளை இலத்தீனில் பெரும்பாலும் இந்த ஒன்றே செய்கிறது. முன்னொரு காலத்தில் தனித்தனியாக இருந்த வேற்றுமைகள் கலந்துபோனதன் விளைவு இது. செயப்பாட்டு வினையில் ஒரு செயலைச் செய்தவர் மனிதரானால் அவர் பெயருக்கு முன் ‘ஆப்’ என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும், கருவியானால் வேண்டியதில்லை. ‘மரம் காற்றால் முறிக்கப்பட்டது’ என்பதைச் சொல்லும்போது பொது வழக்கில் வெறும் ‘வெந்தோ’ போதும். அதாவது, உரோமர் காற்றைத் தெய்வமாகப் பாடியபோதும், அன்றாட உரைநடையின் இலக்கணம் அதை வாளையும் கல்லையும் போல ஒரு கருவியாகவே நடத்தியது.

இந்த வேற்றுமையில் அடிக்கடி வரும் ஒரு தொடர் ‘வெந்தோ செக்குந்தோ’. ‘சாதகமான காற்றில்’ என்று பொருள். செக்குந்துஸ் என்பது ‘பின்தொடர்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். கப்பலுக்குப் பின்னாலிருந்து வீசி அதைத் தள்ளிச்செல்லும் காற்று பின்தொடரும் காற்றுதானே! முதலாவதைப் பின்தொடர்வது இரண்டாவது என்பதால் அதே சொல் ‘இரண்டாம்’ என்ற பொருளையும் பெற்றது. ஆங்கிலத்தின் ‘செகண்ட்’ அதிலிருந்து வந்ததே.

உரோமரின் காற்றுகள்

காற்றுகளின் பெயர்கள் அனைத்தும் ஆண்பால் என்பது இலத்தீன் மாணவர்கள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் விதிகளுள் ஒன்று. வடக்கிலிருந்து வரும் அக்விலோ, தெற்கிலிருந்து வரும் அவுஸ்தெர், மேற்கிலிருந்து வரும் ஃபவோனியுஸ், தென்மேற்கிலிருந்து வரும் ஆஃப்ரிக்குஸ் எல்லாம் ஆண்கள். ஆனால் புயல்களைக் குறிக்கும் தெம்பெஸ்தாத்தேஸ் பெண் தெய்வங்கள். பொ.ஊ.மு. 259இல் கான்சலாக இருந்த லூசியஸ் கொர்னேலியுஸ் ஸ்கிப்பியோ, கோர்சிகாத் தீவை ஒட்டிய கடலில் புயலுக்குத் தப்பியதற்கு நன்றியாக அவற்றுக்கு உரோமில் கோயில் எடுத்தார். கோயில் எடுத்த செய்தியை அவருடைய கல்லறைக் கல்வெட்டே கூறுகிறது.

தமிழ் மரபு வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைக்கொரு காற்றாக நான்கைப் பெயரிட்டது. உரோமரிடம் எட்டு, பன்னிரண்டு என இரு கணக்குகள் இருந்தன. கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் தம் நூலின் முதற்பகுதியில் எட்டுக் காற்றுக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஏதென்சில் அந்திரோனிக்குஸ் கட்டிய எண்கோணக் கோபுரத்தை விவரிக்கிறார். அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் எட்டு முகங்களிலும் எட்டுக் காற்றுகளின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. வித்ருவியுசின் அக்கறை புராணம் சார்ந்ததன்று. நகரத் தெருக்களை எந்தத் திசையில் அமைத்தால் காற்று நேரே புகுந்து மக்களை நோயாளியாக்காது என்பதே அவர் கேள்வி. லெஸ்பொஸ் தீவின் மித்திலேனே நகரைத் தவறான அமைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: அழகாகக் கட்டப்பட்ட நகரம், ஆனால் தென்காற்று வீசினால் ஊரார் நோயில் விழுகிறார்கள்; வடமேற்குக் காற்று வந்தால் இருமுகிறார்கள்; வடகாற்றில் உடல் தேறுகிறது, ஆனால் குளிரில் தெருவில் நிற்க முடியவில்லை. தெருக்கோடுகள் காற்றின் நேர்த்திசையில் விழாமல் இரண்டு திசைகளுக்கு நடுவே விழும்படி வரைய வேண்டும் என்பது அவர் தரும் தீர்வு.

செனெக்கா தம் இயற்கை ஆய்வு நூலில் ஒரு பகுதி முழுவதையும் காற்றுக்கு ஒதுக்கினார். லுக்ரேசியுஸ் காற்றை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் இருக்கின்றன என்று எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்கு அவர் காட்டிய முதல் சான்று காற்றுதான். அதை எவரும் பார்த்ததில்லை. ஆனாலும் அது வெள்ளப்பெருக்கைப் போலவே மரத்தைச் சாய்க்கிறது, கப்பலைக் கவிழ்க்கிறது. ஆகவே அதுவும் ஒரு பொருள்தான் என்பது அவர் வாதம்.

வழக்கு மொழியிலும் வெந்துஸ் பலவாறு புகுந்தது. ‘காற்றாலும் துடுப்பாலும்’ போவது என்றால் முழு மூச்சாக விரைவது. காதலி காதலனிடம் சொல்லும் சொல்லைக் காற்றிலும் ஓடும் நீரிலும் எழுதிவைக்க வேண்டும் என்று கத்துல்லுஸ் கசந்து பாடினார். தமிழில் நீர்மேல் எழுத்து என்பதும் காற்றில் விடுவது என்பதும் தனித்தனி வழக்குகள். அவர் இரண்டையும் ஒரே பாட்டில் சேர்த்துவிட்டார்.

சொற்பிறப்பு

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர் தம் சொற்பிறப்புக் களஞ்சியத்தில் வெந்துஸ் என்ற சொல்லுக்கு, வேகமும் வன்மையும் உடையது என்ற பொருள் தரும் சொற்களோடு உறவு காட்டினார். முதலெழுத்து ஒத்துப்போனதும் பொருள் பொருந்துவது போலத் தோன்றியதும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. இன்று இவ்விளக்கத்தை எவரும் ஏற்பதில்லை. ஆனால் அவரைக் கேலி செய்வதும் முறையன்று. ஒலிமாற்றங்கள் ஒழுங்கானவை என்ற கருத்தே பிறக்காத காலம் அது. அந்தக் கருத்து உருப்பெற இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொழிகளை ஒப்பிட்டபோது ஒரே சொல் பல உடைகளில் நிற்பது தெரிந்தது. ஆங்கிலத்தில் ‘விண்ட்’, கோதிக் மொழியில் ‘விந்த்ஸ்’, வெல்சு மொழியில் ‘குவிந்த்’, சமற்கிருதத்தில் ‘வாத’, அவெஸ்தாவிலும் ‘வாத’. பின்னர் நடு ஆசியாவின் தாரிம் படுகையில் கிடைத்த தோக்காரியச் சுவடிகளில் ‘வந்த்’, ‘யெந்தே’ என்ற வடிவங்கள் வந்து சேர்ந்தன. இவற்றின் அடியில் இருப்பது ‘வீசு’ என்ற பொருளுடைய ஒரு வினைவேர். அவ்வினை சமற்கிருதத்தில் ‘வாதி’ (வீசுகிறது) என்றும் கிரேக்கத்தில் ‘ஆஏசி’ என்பதற்கு நெருக்கமாக ‘அஏசி’ என்றும் உயிரோடிருந்தது. லித்துவேனிய மொழியில் காற்றைக் குறிக்கும் ‘வேயஸ்’, உருசியத்தின் ‘வேத்தெர்’ ஆகியவையும் அதே வேரில் வேறு விகுதிகள் சேர்ந்து பிறந்தவை.

வெந்துஸ் சொல்லின் நடுவிலுள்ள ‘ந்த்’ நிகழ்கால எச்சத்தின் அடையாளம். அதாவது சொல்லின் மூலப்பொருள் ‘வீசுவது’, அல்லது ‘வீசுகிறவன்’. தமிழ் இலக்கணம் இதை வினையாலணையும் பெயர் என்று சொல்லும். முதலில் ‘வீசுகின்ற’ என்ற எச்சம். அது பெயராகி, பின்னர் ‘ஒ’ என்ற உயிரை ஏற்று மற்றப் பெயர்களைப் போல வேற்றுமை உருபுகளைப் பெறத் தொடங்கியது. இலத்தீன் பேசியவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் காலத்தில் அந்த வினை இலத்தீனில் வழக்கொழிந்திருந்தது. பிள்ளை இருந்தது, தாய் இல்லை.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. சமற்கிருதம், கிரேக்கம், லித்துவேனியம் மூன்றும் வேரில் நெடிலைக் காட்டுகின்றன. இலத்தீனில் மட்டும் குறில். இலத்தீனில் குறில்தான் என்று எப்படித் தெரியும்? உரோமர் நெடிலையும் குறிலையும் பொதுவாக எழுத்தில் வேறுபடுத்தவில்லை. செய்யுளின் அளவும் உதவாது. ‘வெந்’ என்ற அசை மெய்யில் முடிவதால், உயிர் குறிலானாலும் நெடிலானாலும் அசை நெடிதாகவே கணக்கிடப்படும். விடை கிடைத்தது வழித்தோன்றல் மொழிகளிலிருந்து. அழுத்தம் பெற்ற இலத்தீன் குறில் எகரம் எசுப்பானியத்தில் ‘இயெ’ என உடையும்: தெர்ரா (நிலம்) ‘தியெர்ரா’ ஆயிற்று, செப்தெம் (ஏழு) ‘சியெத்தே’ ஆயிற்று. நெடில் ஏகாரம் அப்படி உடையாது. வெந்துஸ் எசுப்பானியத்தில் ‘வியெந்தோ’. ஆகவே குறில்தான். இத்தாலிய ‘வெந்தோ’விலுள்ள அகன்ற எகரமும் இதையே சொல்கிறது.

நெடில் எப்படிக் குறிலாயிற்று என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஒஸ்தாஃப் பெயரால் வழங்கும் விதி விளக்கம் தருகிறது. நெடில் உயிருக்குப் பின் ந், ம், ர், ல் போன்ற ஓர் ஒலியும் அதையடுத்து மற்றொரு மெய்யும் வந்தால் நெடில் குறுகும். ‘வேந்தொஸ்’ என்பது ‘வெந்தொஸ்’ ஆனது அவ்வாறே. ஆங்கில வடிவத்துக்கும் தனி விளக்கம் தேவைப்பட்டது. பழைய ‘த்’ ஜெர்மானிய மொழிகளில் மூச்சொலியாக மாறியிருக்க வேண்டும். ஆனால் இங்கே ‘ட்’ போன்ற குரலொலி நிற்கிறது. சொல்லழுத்தம் முற்காலத்தில் வேருக்குப் பின்னால் விழுந்த இடங்களில் இப்படி நேரும் என்று கார்ல் வெர்னர் கண்ட விதி அதற்கு விடையாயிற்று.

இன்னும் ஆழமான கேள்வி அந்த நெடிலைப் பற்றியது. 1878 இறுதியில், 21 வயது மாணவராக இருந்த ஃபெர்டினான் டி சொசூர் லைப்சிக்கில் ஒரு நூல் வெளியிட்டார். மூலமொழியின் வேர்களில் காணும் நெடில்கள் பல உண்மையில் தொடக்க நெடில்கள் அல்ல. குறில் எகரமும் அதை அடுத்து நின்ற, பின்னர் மறைந்துபோன ஓர் ஒலியும் சேர்ந்து உண்டானவை என்றார். அப்படிப்பட்ட ஒலி அப்போது தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. உறவுகளின் கணக்கு சரியாக வர வேண்டுமானால் அது இருந்திருக்க வேண்டும் என்பதே அவர் சான்று. பின்வந்த அறிஞர்கள் ஒலிகளின் எண்ணிக்கையை மூன்றாக்கி அவற்றைக் குரல்வளை ஒலிகள் என்று அழைத்தனர். பெரும்பாலானோர் இதைக் கணக்கு விளையாட்டு என்றே எண்ணினர்.

1906இல் துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில் ஹூகோ விங்க்ளர் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றிலிருந்த ஹிட்டைட்டு மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915இல் பெட்ரிக் ஹ்ரோஸ்னி அறிவித்தார். 1927இல் போலந்து அறிஞர் எர்சி குரிவோவிச், சொசூர் கணக்கிட்டுச் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் ஒரு ககர-ஹகர ஒலி எழுத்திலேயே நிற்பதைக் காட்டினார். 1913இல் மறைந்த சொசூர் இதைக் காணவில்லை.

ஹிட்டைட்டில் காற்று ‘ஹுவந்த்’. இலத்தீனில் வகரத்துக்கு முன் எதுவும் இல்லை, சமற்கிருதத்திலும் இல்லை. ஆனால் ஹிட்டைட்டில் அங்கே ஒரு ‘ஹ’ இருக்கிறது. கிரேக்க ‘அஏசி’யின் தொடக்கத்திலுள்ள, முன்பு காரணம் தெரியாதிருந்த அகரம் அதே ஒலி உயிராகத் திரிந்த சுவடு. வேரின் முதலில் இரண்டாம் குரல்வளை ஒலியும் நடுவில் முதலாம் குரல்வளை ஒலியும் இருந்தன என்று இன்று கொள்கிறார்கள். நடுவில் இருந்தது மறைந்தபோது முன்னிருந்த எகரத்தை நீட்டிவிட்டுச் சென்றது. அதற்கு ரிக் வேதத்தில் ஓர் எதிர்பாராத சான்று உண்டு. எழுத்தில் ‘வாத’ என இரண்டசையாக நிற்கும் சொல்லை யாப்பு சில இடங்களில் ‘வ-அ-த’ என மூன்றசையாகக் கேட்கிறது. இரண்டு அகரங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் மெய்யொலி ஒன்று நின்றதால்தான் அவை ஒட்டாமல் இருந்தன. இரண்டாவது அகரம் மூலமொழியின் னகரத்திலிருந்து வந்தது. இலத்தீனில் அதுவே ‘ந்’ ஆக நிற்கிறது. வேதத்தை வாய்வழியே காத்தவர்கள் பொருள் தெரியாமலேயே அந்த இடைவெளியின் நினைவையும் காத்திருக்கிறார்கள்.

கிரேக்கர் காற்றைக் குறிக்க இவ்வேரிலிருந்து பெயர் ஆக்கவில்லை. அவர்களுடைய சொல் ‘அனெமொஸ்’. அது ‘மூச்சு விடு’ என்ற வேறொரு வேரில் பிறந்தது. சமற்கிருத ‘அனில’மும் அதைச் சார்ந்ததே. இலத்தீனில் அந்த வேர் ‘அனிமா’ என்று உயிரைக் குறித்தது.

உறவும் உறவின்மையும்

சமற்கிருதத்தின் வழியாக வெந்துஸ் சொல்லின் உறவினர் சிலர் தமிழுக்கும் வந்திருக்கின்றனர். வாயு, வாதம் இரண்டும் அதே வேரைச் சேர்ந்தவை. பக்கவாதம், முடக்குவாதம் என்பவற்றில் உள்ள வாதம் இதுதான். வாக்குவாதத்தில் உள்ள வாதம் வேறு. அது ‘பேசு’ என்ற வேரிலிருந்து வந்த சொல், தமிழ் எழுத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘ஊதி அணைந்த நிலை’ என்னும் பௌத்தக் கலைச்சொல்லான நிர்வாணமும் ‘வா’ என்ற அதே வினையைக் கொண்டது.

இலத்தீனுக்குள்ளேயே போலி உறவுகள் உண்டு. ‘வருதல்’ என்ற பொருளுடைய வெனீரே என்ற வினையின் எச்ச வடிவமும் ‘வெந்தும்’ என்றே அமையும். ஆங்கிலத்தின் ஈவென்ட், அட்வென்ட், அட்வென்சர் போன்ற சொற்கள் அந்த வினையைச் சேர்ந்தவை, காற்றோடு தொடர்பில்லை. வயிற்றைக் குறிக்கும் ‘வெந்தெர்’ என்பதும் அப்படியே.

வழித்தோன்றல்கள்

பிரெஞ்சில் ‘வான்’ என்பது போல மூக்கொலியாகத் தேய்ந்தும், இத்தாலியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் ‘வெந்தோ’வாகவும், சார்தீனியத்தில் ‘பெந்து’வாகவும், உருமேனியத்தில் ‘வின்த்’ என்பதற்கு நெருக்கமாகவும் இச்சொல் வாழ்கிறது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் புது நாட்காட்டி வகுத்தபோது, பிப்ரவரிப் பிற்பகுதியில் தொடங்கும் மாதத்துக்கு ‘காற்று மிகுந்தது’ என்ற பொருளில் ‘வாந்தோஸ்’ என்று பெயரிட்டனர். தனிக் காற்றுகளின் பெயர்களும் பயணப்பட்டன. தென்காற்று அவுஸ்தெரிலிருந்து ‘தெற்கத்திய’ என்ற சொல் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் பெயராயிற்று. மேல்காற்று ஃபவோனியுஸ் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ‘ஃபோன்’ என்ற வெப்பக்காற்றாகி, இன்று ஜெர்மன் மொழியில் தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் பெயராக இருக்கிறது.

எசுப்பானியத்தில் சன்னலுக்கு ‘வெந்தானா’ என்று பெயர். காற்று வரும் இடம். ஆங்கில ‘விண்டோ’ பழைய நோர்சு மொழியில் ‘காற்றின் கண்’ என்ற பொருளுடைய கூட்டுச்சொல். சமற்கிருத ‘வாதாயனம்’ காற்றின் வழி. மூன்றிலும் உள்ள முதற்சொல் ஒரே வேரைச் சேர்ந்தது, ஆனால் மூன்றும் தனித்தனியே ஆக்கப்பட்டவை. சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ என்பதும் கால் (காற்று), அதர் (வழி) என்றே பிரியும். இன்று தமிழில் வழங்கும் ‘சன்னல்’ போர்த்துக்கீசியர் தந்தது. அதன் மூலமும் இலத்தீன்தான், ஆனால் கதவைக் குறிக்கும் ‘யானுவா’ என்ற சொல்.

வெந்துஸ் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது வேறொரு வழியில். காற்றில் தானியத்தைத் தூற்றுவதற்கு இலத்தீனில் ‘வெந்திலாரே’ என்ற வினை இருந்தது; தூற்றும் பலகைக்கு ‘வெந்திலாபிரும்’ என்று பெயர். விசிறுதல், காற்றோட்டம் உண்டாக்குதல் என்று அதன் பொருள் விரிந்தது. ஆங்கிலத்தில் அதிலிருந்து ‘வென்டிலேட்டர்’ உண்டாயிற்று. பழைய வீடுகளில் கதவுக்கும் சன்னலுக்கும் மேலே, கூரையை ஒட்டி வைக்கும் சிறு திறப்பைக் கொத்தனார்கள் வென்டிலேட்டர் என்றே சொல்வார்கள். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபின் அதே சொல் மருத்துவமனையில் மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் பெயராக எல்லோர் வாயிலும் புழங்கியது.